அருகில் அவரது கணவர்

ஆகஸ்ட் 18, திங்கள்

மேலச்சுனை நகராட்சி நூற்றாண்டு விழா மூன்று நாளும் என் தலையில் விழுந்துவிட்டது. நியூஸ் எடிட்டர் ஆல்பர்ட் பல் தேய்க்கும் நேரத்தில் கூப்பிட்டு, "பாண்டியண்ணே, நாலு பக்கம் சிறப்பு மலர். மேடையில உக்காந்த ஒரு முகமும் விட்டுப்போகக் கூடாது" என்றார். வாயில் நுரையோடு சரி என்றேன்.

விழாவை நடத்துவது நகராட்சி என்று ஊர் நினைத்துக்கொண்டிருக்கிறது. நடத்துவது நான். பொன்னாடையைத் தோளில் வைத்தவர் எதிரில் நிற்பவரைப் பார்ப்பதே இல்லை, என்னைத்தான் பார்ப்பார். நான் தலையாட்டும்வரை இரண்டு பேரும் அசைய மாட்டார்கள். பிளாஷ் அடிக்கவில்லை என்றால் கழற்றிவிட்டு மறுபடி போர்த்துவார்கள். ஒருமுறை குத்துவிளக்கை ஊதி அணைத்துவிட்டு எனக்காக மறுபடி ஏற்றினார்கள். பூல்பாண்டி என்றால் ஊரில் அவ்வளவு மரியாதை.

மதியம் விழா பற்றிய பத்திரிகையாளர் சந்திப்பு. தலைவர் கோமதியம்மா உட்கார்ந்திருந்தார். பேசியது அவர் வீட்டுக்காரர் கோமதிநாயகம். போன தேர்தலில் தலைவர் பதவி பெண்களுக்கு என்று அறிவிப்பு வந்தபோது நாயகம் ஊர்ச் சுவரெல்லாம் தன் பெயரை எழுதி முடித்திருந்தார். மனிதர் அலட்டிக்கொள்ளவில்லை. 'கோமதிநாயகம்' என்பதில் 'நாயகம்' மீது மட்டும் சுண்ணாம்பு அடித்தார், வேட்பாளர் தயார். ஒரு மழைக்காலம் போனதும் சுண்ணாம்பு கரைந்து நாயகம் மறுபடி தெரிய ஆரம்பித்துவிட்டார். ஊர் அவரைச் சேர்மன் என்கிறது, அம்மாவைச் சேர்மனம்மா என்கிறது. யாருக்கும் குறையில்லை.

காராச்சேவு நன்றாக இருந்தது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

பேட்டரி இரண்டையும் சார்ஜ் போட்டேன். கேஸ் சிலிண்டர் வந்தது.

ஆகஸ்ட் 20, புதன்

நகராட்சிக் கூட்டரங்குக்கு வரச் சொன்னார்கள். சுவரில் பழைய தலைவர்களின் படங்கள் வரிசையாக இருக்கின்றன. முதலில் தலைப்பாகைகள், பிறகு கோட்டுகள், பிறகு கதர், கடைசியில் சஃபாரி. எல்லோரும் தனித்தனியாக, ஏதோ கோபத்தில் இருப்பதுபோல. விழாவின் கடைசி நாளில் இவற்றைப் புதுச் சட்டத்தில் போட்டுத் திறந்து வைக்கப் போகிறார்கள். இப்போதைய தலைவர் படத்துக்காக வரிசை முடிவில் ஓர் ஆணி அடித்து வைத்திருக்கிறார்கள்.

"அந்த ஆணிக்கு எங்க ரெண்டு பேரையும் சேத்து அம்சமா ஒண்ணு எடுங்க அண்ணாச்சி" என்றார் நாயகம்.

அம்மா நாற்காலியில் உட்காரட்டுமே என்றேன்.

"அவ உக்காந்தா நான் நிக்கணும். நான் உக்காந்தா அவ நிக்கணும். எதுக்கு வம்பு, ரெண்டு பேருமே நிப்போம்."

சமத்துவம்தான். எடுத்தேன். அதற்குள் அவருக்குப் போன் வந்தது. கூட்டரங்கில் சிக்னல் கிடைக்காது, வராண்டாவுக்குப் போய்விட்டார். கோமதியம்மா சட்டென்று என் பக்கம் வந்தார்.

"அண்ணாச்சி, நான் மட்டும் இருக்குற மாதிரி ஒரு படம் உங்ககிட்ட கெடக்கா?"

"நெறைய இருக்கும்மா."

"இருக்காது. தேடிப் பாருங்க." குரலைத் தாழ்த்தினார். "அந்த ஆணியில நான் மட்டும் தொங்கணும். உசுரோடதான் சொல்லுதேன்."

இப்போதே நில்லுங்கள், எடுத்துவிடுகிறேன் என்று கேமராவைத் தூக்கினேன்.

"இப்படி நின்னா ரேஷன் கார்டு படம் மாதிரி வரும். நான் வேலை பாக்கும்போது எடுங்க. சட்டம் போடுறதுக்குச் சனிக்கெழம சாயங்காலத்துக்குள்ள படத்தக் குடுக்கணுமாம்."

"சார்கிட்ட நேராவே சொல்லிரலாமே?"

"சொல்லாமலா இருந்தேன்? 'ஏன், நான் என்ன பாக்க அவ்வளவு மோசமாவா இருக்கேன்'னு கேக்காக. அதுக்கு நான் என்ன பதில் சொல்ல?"

வராண்டாவில் செருப்புச் சத்தம் கேட்டது. அவர் தன் இடத்துக்குப் போய்விட்டார்.

நான் வாக்குக் கொடுக்கவில்லை. பத்திரிகைப் படக்காரன் நடப்பதை எடுக்கிறவன், நடக்க வைக்கிறவன் அல்ல.

ஆகஸ்ட் 21, வியாழன்

சும்மா ஒரு ஆர்வத்தில் கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்தேன். அம்மா பதவிக்கு வந்ததிலிருந்து நான் எடுத்த அத்தனை நிகழ்ச்சியும் அதில் உண்டு. அம்மா மரம் நடுகிறார்: நாயகம் தண்ணீர் ஊற்றுகிறார். ரிப்பன் வெட்டுகிறார்: முதன்முதலாக 'அ' எழுதும் பிள்ளைக்குக் கை பிடித்துக் கொடுப்பதுபோல் கத்தரிக்கோலோடு சேர்த்து அம்மா கையை நாயகம் பிடித்திருக்கிறார். பள்ளிக்குழந்தைக்கு அம்மா பரிசு கொடுக்கிறார்: இருவருக்கும் நடுவில் ஒரு மீசை. கடைசியில் அவரே இல்லாத ஒரு படம் கிடைத்தது. சந்தோஷப்பட்டுப் பெரிதாக்கிப் பார்த்தால், பக்கத்து நாற்காலியில் இடம் பிடிக்க அவர் போட்டுவிட்டுப் போன துண்டு.

கடையில் கம்ப்யூட்டர் வேலை ராஜகனியுடையது. என் சம்சாரம். பாண்டி ஸ்டூடியோவில் பாஸ்போர்ட் படம், ஆல்பம், வெளிச்சம் கூட்டுவது, வெட்டுவது, பத்திரிகைக்கு அனுப்புவது எல்லாம் அவள் பார்த்துக்கொள்வாள். மற்றபடி தொழில் என்னுடையது.

"இவரை வெட்டி எடுத்துட்டா என்ன?" என்றேன்.

மவுஸை நகர்த்திக் காட்டினாள். "பாருங்க, இதுல அவரு கை அந்தம்மா தோள்மேல. கைய வெட்டுனா தோளும் போயிரும். இதுல தலைக்குப் பின்னாடி தலை. காது யாருதுன்னே தெரியல."

"சரி, விடு."

"எதுக்கு விடணும்? பாவம், ஒரே ஒரு படந்தான கேக்காக. மூணு நாளு விழா. அவரு ஒரு தடவ மூக்குச் சிந்தப் போக மாட்டாரா?"

கோமதியம்மாவை இவள் ரொம்பத்தான் ஆதரிக்கிறாள். ஏன் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

விழா முதல் நாள்.

கொடியேற்றத்தில், "சார், வெளிச்சம் மறைக்குது, கொஞ்சம் தள்ளிக்குங்க" என்றேன். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அம்மாவின் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்குத் தள்ளிக்கொண்டார்.

கண்காட்சியில் வேறு வழி பார்த்தேன். "சார், உங்களத் தனியா ஒண்ணு எடுக்கணும், மலருக்கு" என்று பழைய குப்பை வண்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். அவர் இங்கே நின்ற நேரத்தில் அம்மா அங்கே மாணவிகளோடு பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார். நல்ல படம். ஆனால் அதை எடுக்க வேண்டிய ஆள் குப்பை வண்டிப் பக்கம் நாயகத்தை எடுத்துக்கொண்டிருந்தான். இந்த யோசனையில் ஏதோ ஓட்டை இருப்பதாக முதலிலேயே பட்டது.

மேடையில் பொன்னாடைகள். முதல் பொன்னாடை நாயகத்துக்கு. இரண்டாவதை அம்மாவுக்குப் போர்த்தும்போது நாயகமும் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். அம்மா பேச எழுந்ததும் அவரும் எழுந்து, பேச்சுத் தாளை ஒவ்வொன்றாக நீட்டினார். அம்மா ஒரு வார்த்தையில் தடுக்கினால் இவர் உதடு தானாக அசைகிறது. முந்தின நாள் வீட்டில் உட்கார வைத்து மனப்பாடம் செய்ய வைத்திருப்பார் போலிருக்கிறது. பயம் அவருக்குத்தான் அதிகம். அம்மா தப்பாக ஏதும் சொல்லி ஊர் சிரித்துவிடுமோ என்று அவர் கழுத்தெல்லாம் வியர்வை. அந்த மனிதரைத் திட்டவும் வரவில்லை.

கொடியேற்றப் படம் அனுப்பினேன். குறிப்பு நானே எழுதினேன்: 'விழாவை சேர்மனம்மா கோமதி தொடங்கி வைத்தார். அருகில் அவரது கணவர் கோமதிநாயகம்.'

ஆகஸ்ட் 23, சனி

தொலைந்தேன்.

பேப்பரில் வந்திருப்பது: 'விழாவை சேர்மன் கோமதிநாயகம் தொடங்கி வைத்தார். அருகில் சேர்மனம்மா கோமதி.'

பத்திரிகை டெஸ்க்குக்குப் போன் போட்டுக் கத்தினேன். எடுத்தவர் புதிதாகச் சேர்ந்த உதவி ஆசிரியர். நிதானமாகப் பேசினார்.

"அண்ணே, நீங்கதான் மாத்தி எழுதியிருந்தீங்க. நான் சரி பண்ணினேன். சேர்மனம்மான்னா சேர்மனோட வீட்டம்மாதானே?"

"டாக்டரம்மான்னா டாக்டரோட வீட்டம்மாவா?"

"எங்க தெருவுல அப்படித்தாண்ணே. அந்தம்மா ஊசியெல்லாம் போட மாட்டாங்க."

போனை வைத்தேன். தலைவர் என்று ஒழுங்காக எழுதியிருந்தால் இந்தக் குழப்பமே இல்லை. ஊர் வாயில் வருவது என் கையிலும் வந்துவிட்டது. யார் யாருக்கு அம்மா என்று அந்த ஆள் எங்கிருந்து கண்டார்?

கோமதியம்மாவுக்குப் போன் போட்டேன். நாளைக்கே திருத்தம் போடச் சொல்கிறேன் என்றேன்.

"வேண்டாம் அண்ணாச்சி. மாத்துனவரு மேல தப்பில்ல. படத்த நானே பாத்தேன். எனக்கே அப்படித்தான் தோணுது."

அவர் கோபப்பட்டுத் திட்டியிருந்தால் தேவலை. எனக்கு ரொம்பக் கஷ்டமாகப் போய்விட்டது.

நகராட்சி வாசலில் நாயகம் ஒரு கட்டுப் பேப்பரை வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கொஞ்சம் வெட்கப்பட்டார். "டெஸ்க்குல ஏதோ மாத்திட்டாக போலிருக்கு. பரவால்ல, விடுங்க. திருத்தம் கிருத்தம் போட்டு அவர வேலைய விட்டுத் தூக்கிறாதீக" என்றார். என்ன பெருந்தன்மை!

சாயங்காலம் கோலாட்டம். அம்மா இரண்டு சுற்று ஆடினார். நாயகமும் ஆடினார்.

கெடு முடிந்தது. இரண்டு பேரும் நிற்கும் அந்தப் படமே சட்டம் போடப் போய்விட்டது. நான் வாக்குக் கொடுக்கவில்லை என்று ராஜகனியிடம் சொன்னேன். "உங்கள யாரு இப்பக் கேட்டா?" என்றாள்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் கோலப்போட்டிக்குப் பெண் படக்காரர் வேண்டும் என்று நகராட்சியில் கேட்டிருந்ததால் ராஜகனி என் பழைய கேமராவை எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். போட்டி முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் கூட்டரங்குக்கு வந்து பின்வரிசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள். சோறு என்ன ஆகும் என்று சைகையில் கேட்டேன். பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டாள்.

சிறப்பு விருந்தினர் ஓய்வுபெற்ற நீதிபதி. இந்த ஊரில் பிறந்து சிறு வயதிலேயே வெளியூர் போனவர், நல்ல வயது. படங்கள் மேல் பட்டுத்துணி மூடியிருந்தார்கள். ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே வந்தார். தலைப்பாகைக்குக் கைதட்டு. கோட்டுக்குக் கைதட்டு. கதருக்குக் கொஞ்சம் கூடுதலாகவே தட்டினார்கள். கையில் மைக் இருந்ததால் ஒவ்வொருவர் பெயரையும் வருஷத்தையும் அவரே வாசித்தார். கடைசித் துணியை விலக்கினார். ஒரே சட்டத்தில் இரண்டு முகம்.

கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு நெருங்கிப் பார்த்தார். கீழே 'திருமதி கோமதி' என்று ஒரு பெயர்தான் இருந்தது. நாயகத்தின் முகத்தில் விரலை வைத்து, மைக்கிலேயே, வெள்ளை மனதோடு கேட்டார்:

"இவர் எந்த வருஷம் சேர்மனா இருந்தார்?"

நகராட்சி ஆணையர் தரையைப் பார்த்தார். நாயகம் நீதிபதிக்கு அந்தப் பக்கம்தான் நின்றிருந்தார். இத்தனை நாளில் அவரிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை.

கோமதியம்மா நீதிபதியின் கையிலிருந்து மெதுவாக மைக்கை வாங்கினார்.

"அவுக ஒரு வருஷமும் இல்லங்கய்யா. அவுக என் வீட்டுக்காரர். சேர்மன் நான்தான்."

யாரோ சிரித்தார்கள். நாயகத்தின் முகம் சுருங்கியது. அம்மா அதைப் பார்த்துவிட்டார்.

"சிரிக்காதீக. ராத்திரி ஊர்த் தண்ணி மோட்டார் ரிப்பேர்னா எனக்கு முன்னாடி எந்திச்சு ஓடுறது அவுகதான். வீட்டுல என்ன இருந்தாலும் அதுல பாதி அவுகளுக்கு உண்டு. ஆனா இங்க நாற்காலி ஒண்ணுதான் போட்டிருக்காக. நூறு வருஷமா ஒரு ஆளு ஒரு ஆளாத்தான் உக்காந்திருக்காக. நான் மட்டும் ஏன் பாதியா உக்காரணும்?"

கையில் தாள் இல்லை. மேலே பேசப்போனவருக்குத் தொண்டை அடைத்து இருமல் வந்துவிட்டது. விடாத இருமல். அப்போதுதான் நாயகம் அசைந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு, வேட்டியை மடித்துப் பிடித்தபடி, தண்ணீர் பாட்டில் எடுக்க வாசலுக்கு ஓடினார். வேறு யார் கொடுத்த தண்ணீரும் அவர் கண்ணில் படவில்லை.

அவர் வெளியே இருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில் கோமதியம்மா இருமலை அடக்கி, முந்தானையால் கண்ணைத் துடைத்து, மைக்கை மறுபடி வாய்க்குக் கொண்டுவந்தார். பின்னால் தலைப்பாகைகளும் மீசைகளும். முன்னால் அவர் மட்டும். ஒரு கை மேலே எழும்பியிருந்தது. "இப்பப் பாதாளச் சாக்கடை விஷயத்துக்கு வாரேன்" என்றார். அரங்கம் கைதட்டி ஓயவில்லை.

அந்தப் படத்தை நான் எடுக்கவில்லை. லென்ஸ் மாற்றிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் ராஜகனி கேமராவை என் முன்னால் வைத்தாள். அவள் எடுத்திருக்கிறாள். பின்வரிசை நாற்காலி மேல் ஏறி நின்று எடுத்தாளாம். கை எழும்பிய அந்த நொடி, ஒரு மயிரிழை முந்தாமல் பிந்தாமல். இவ்வளவு காலம் இந்தத் தொழிலில் இருந்து இப்படி ஒரு படம் நான் எடுத்ததில்லை.

"நீங்க எங்க லென்ஸ் மாத்துனீக? கேமராவத் தொங்க விட்டுட்டு வாயப் பொளந்து கேட்டுக்கிட்டுல்ல நின்னீக" என்றாள்.

வெளிச்சம் கண்ணில் அடித்ததால் அவளுக்கு அப்படித் தெரிந்திருக்கலாம். படத்தை அனுப்பியாயிற்று.

ஆகஸ்ட் 25, திங்கள்

முதல் பக்கம்! மூன்று பத்தி அகலத்தில்! 'மேலச்சுனை நகராட்சித் தலைவர் கோமதி.' அருகில் யாரும் இல்லை.

கீழே வழக்கம்போல் 'படம்: பூல்பாண்டி' என்று போட்டுவிட்டார்கள். டெஸ்க்குக்குச் சொல்ல நேரமில்லை. காலையிலிருந்து பாராட்டுப் போன்கள். ஆல்பர்ட், "அண்ணே, இதுக்கு அவார்டே குடுக்கலாம்" என்றார். நன்றி சொன்னேன். வேறென்ன சொல்வது?

ராஜகனி பேப்பரைப் பார்த்தாள், மடித்து வைத்தாள். மதியம் சாம்பாரில் உப்பு இல்லை. ரசத்திலும் இல்லை. வயது ஏற ஏற உப்பு குறைவாகச் சாப்பிடுவது நல்லதுதான்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

இட்லியிலும் உப்பு இல்லை.

ஆகஸ்ட் 27, புதன்

பத்து மணி வாக்கில் நாயகம் ஸ்டூடியோவுக்கு வந்தார். ராஜகனி கம்ப்யூட்டரில் ஆல்பம் பார்த்துக்கொண்டிருந்தாள். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து நாற்காலியை எடுத்துப் போட்டேன். உட்காரவில்லை. கண்ணாடி மேசையில் கையை ஊன்றிக்கொண்டு, "அந்தப் படத்தப் பெருசா ஒண்ணு போட்டுக் குடுங்க. அந்த ஆணியில தொங்க விடுற அளவுக்கு" என்றார்.

ராஜகனி திரையில் எடுத்துக் காட்டினாள். அவர் குனிந்து ஓரங்களையெல்லாம் பார்த்தார். மேலே, கீழே, இடது மூலை, வலது மூலை.

"எங்கயும் நான் இல்லைல்ல?"

"இல்லீங்க."

"தண்ணி எடுக்கப் போயிருந்தேன்" என்றார், எங்களுக்குத் தெரியாததுபோல. "இப்படிக் கைய நீட்டிப் பேசுவான்னு எனக்குத் தெரியாது அண்ணாச்சி. பக்கத்துல நின்னா முகம் தெரியாதுல்லா."

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லா எடுத்திருக்கீக" என்றார்.

கம்ப்யூட்டரில் மவுஸ் சத்தம் நின்றது.

"நான் எடுக்கல சார்" என்றேன். "எடுத்தது ராஜகனி. பேப்பர்ல பேரு தப்பா வந்துருச்சு. இன்னைக்கு டெஸ்க்குக்குச் சொல்லுதேன்."

சொல்லி முடித்ததும் எனக்கே மூச்சு இலேசானது. நாயகம் என் கையை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். ராஜகனி எழுந்து நின்றாள். கல்யாணத்தன்று மேடையில் நின்றபோதுகூட அவள் முகம் இப்படிச் சிவந்ததாக ஞாபகமில்லை. என்னைப் பார்க்காமல், "டெஸ்க்குக்கு இப்பவே சொல்லுங்க, பெறகு மறந்துருவீக" என்றாள்.

போனை எடுத்தேன். அந்த நேரத்தில் வாசலில் பைக்கை நிறுத்தி ஒருவர் எட்டிப் பார்த்தார். குழாய் இணைப்புக்கு அலைகிறவர் போலிருக்கிறது, கையில் விண்ணப்பம்.

"வணக்கம் சேர்மன்! உங்களத்தான் தேடிக்கிட்டு இருக்கேன்."

நாயகம் பழக்கத்தில் கையை நீட்டிவிட்டார். தாள் விரலில் படுவதற்குள் கையை இழுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"சேர்மன் ஆபீஸ்ல இருக்காக" என்றார். "அங்க போய்க் குடுங்க."